அறநெறிப் பாடவேளையும் பள்ளிச்சூழலும்: வளரிளம் பருவத்தினருக்கான நடத்தைத் தடுப்புத் திட்டங்கள் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மாணவரிடையே வன்முறையைத் தடுக்கவும் அவர்தம் உணர்வுத்திறன்களை வளர்க்கவும் பள்ளிகளில் நடத்தப்பெறும் திட்டங்கள் பெரும்பாலும் பாடவேளை வடிவிலேயே அமைகின்றன. குறைபாடு மாணவனின் உள்ளத்தில் இருக்கிறது, அதனைக் கற்பித்தலால் நீக்கிவிடலாம் என்பது அவற்றின் அடிப்படைக் கருதுகோள். இக்கருதுகோளை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, பின்லாந்து, பீகார் ஆகிய இடங்களில் நடைபெற்ற ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழகத்தில் மாணவரிடையே நிகழும் சாதி வன்முறையைக் களைவது குறித்து நீதியரசர் கே. சந்துரு குழு அளித்த பரிந்துரைகள் இம்மதிப்பீட்டின் ஒளியில் நோக்கப்படுகின்றன. அக்குழுவின் பரிந்துரைகளுள் அறநெறிப் பாடவேளையைக் காட்டிலும் பள்ளியின் அமைப்பை மாற்றும் பரிந்துரைகளே சான்றுவலிமை மிக்கவை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வளரிளம் பருவம், சமூகவிரோத நடத்தை, உணர்வுத்திறன், பள்ளிச்சூழல், சாதி வன்முறை, மெய்ப்பாடு

1. முன்னுரை

2023 ஆகஸ்டு மாதத்தில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அம்மாணவருடன் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். தம்மைத் துன்புறுத்திவந்தவர்கள் குறித்து அவர் பள்ளியில் முறையிட்ட பின்னரே இத்தாக்குதல் நிகழ்ந்தது. இதனைத் தொடர்ந்து, கல்வி நிலையங்களில் சாதி, இன அடிப்படையிலான வன்முறையைத் தவிர்ப்பதற்கான வழிமுறைகளைப் பரிந்துரைக்குமாறு ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. குழுவின் அறிக்கை 2024 ஜூன் மாதம் அரசிடம் அளிக்கப்பட்டது.

அவ்வறிக்கை பொதுவெளியில் விவாதிக்கப்பட்டபோது கைக்கயிறு, நெற்றித் திலகம், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிச் சொற்கள் ஆகியவை பற்றிய பரிந்துரைகளே பெரும் சர்ச்சைக்கு உள்ளாயின. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு அறநெறிப் பாடவேளை வேண்டும் என்ற பரிந்துரையை மறுத்தவர்கள் அரியர். மாணவர் நெறி பிறழ்ந்தால் நெறியைக் கற்பிக்க வேண்டும் என்பது நம் கல்விச் சிந்தனையில் ஆழ வேரூன்றிய எண்ணம். திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் அதிகாரங்களைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் முழுமையாகச் சேர்க்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016-இல் ஆணையிட்டதும் இவ்வெண்ணத்தின் வெளிப்பாடே.

எவரும் மறுக்காத ஒரு கருத்து ஆராயப்படாமலே நடைமுறைக்கு வந்துவிடும் வாய்ப்பு மிகுதி. எனவே, பாடவேளையில் கற்பிக்கப்படும் நெறியும் உணர்வுத்திறனும் வளரிளம் பருவத்தினரின் நடத்தையை உண்மையில் மாற்றுகின்றனவா, அவை மாற்றாதபோது எவை மாற்றுகின்றன என்னும் வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. 'சமூகவிரோத நடத்தை' என்னும் சொல்லாட்சி

இத்துறையின் மையச்சொல்லான 'சமூகவிரோத நடத்தை' என்பது மேலைநாட்டு உளவியலிலிருந்தும் குற்றவியலிலிருந்தும் நமக்கு வந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூல் நடத்தைச் சீர்குலைவின் அறிகுறிகளை நான்கு தொகுதிகளாக வகுக்கிறது. மனிதரையும் விலங்குகளையும் தாக்குதல், உடைமைகளை அழித்தல், ஏமாற்றுதலும் திருடுதலும், விதிகளைக் கடுமையாக மீறுதல் என்பன அவை. இவை அனைத்தும் தனிமனிதனை அலகாகக் கொண்டவை. சமூகம் ஒரு நெறியை வகுத்திருக்கிறது, ஒருவன் அதிலிருந்து விலகுகிறான் என்பதே இவ்வகைப்பாட்டின் பார்வை.

நாங்குநேரி நிகழ்வை இச்சொல்லுக்குள் அடக்க முயன்றால் சொல்லின் போதாமை வெளிப்படுகிறது. சாதியின் பெயரால் அரிவாளை எடுக்கும் மாணவன் நாட்டின் சட்டத்தை மீறுகிறான். ஆனால் தான் சார்ந்த குழு எழுதாமல் வைத்திருக்கும் விதியை அவன் மீறவில்லை, அதனை நிறைவேற்றுகிறான். ஒடுக்கப்பட்டோர் தலைநிமிரக் கூடாது என்னும் அவ்விதி அவனுக்குக் குடும்பத்திலும் தெருவிலும் திருவிழாவிலும் கற்பிக்கப்பட்டது. அந்த அளவில் அவன் நடத்தை சமூகத்துக்கு விரோதமானது என்பதைவிட, சமூகத்தின் ஒரு பகுதியோடு முற்றிலும் இசைந்தது என்பதே பொருந்தும். சினத்தை அடக்கத் தெரியாமல் சக மாணவனை அடிப்பவனும், குழுவின் ஒப்புதலோடு திட்டமிட்டுத் தாக்குபவனும் ஒரே சொல்லால் சுட்டப்படும்போது, இருவருக்கும் ஒரே மருந்து போதும் என்னும் மயக்கம் நேர்கிறது.

உணர்வுத்திறன் என்னும் சொல்லும் இத்தகைய மயக்கத்துக்கு இடந்தருவது. பிறர் மனநிலையை அறியும் ஆற்றல் குறைந்தவர்களே பிறரைத் துன்புறுத்துவர் என்பது பொதுவான நம்பிக்கை. இங்கிலாந்தில் சட்டன், ஸ்மித், சுவெட்டன்ஹாம் ஆகியோர் 7 முதல் 10 வயதுக்குட்பட்ட 193 குழந்தைகளிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. துன்புறுத்தலுக்குத் தலைமை தாங்கும் குழந்தைகள், அவர்களைப் பின்தொடர்வோரையும் துன்பத்துக்குள்ளாவோரையும் விடப் பிறர் மனத்தை அறியும் சோதனையில் மேம்பட்டிருந்தனர். எச்சொல் எவனை எங்கே காயப்படுத்தும் என்பதை அறிவதும் ஒரு திறனே. திறன் எதன்பொருட்டுப் பயன்படும் என்பதைத் திறன் தீர்மானிப்பதில்லை. அதனைப் பயன்படுத்துவோன் வாழும் சூழல் தீர்மானிக்கிறது.

3. பாடமாகக் கற்பிக்கப்பட்ட உணர்வுத்திறன்

உலக நலவாழ்வு அமைப்பு 1990-களின் தொடக்கத்தில் பள்ளிகளுக்கென முன்வைத்த வாழ்க்கைத் திறன்கள் பத்து. முடிவெடுத்தல், பிறர்நிலை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மனஅழுத்தத்தைக் கையாளுதல் முதலியன அப்பட்டியலில் அடங்கும். இந்தியப் பள்ளிகளின் வாழ்க்கைத் திறன் கல்வி பெரும்பாலும் இதனை அடியொற்றியது. இத்தகைய கல்விக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஜோசப் டர்லாக் குழுவினர் 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 213 திட்டங்களையும் 2,70,034 மாணவர்களையும் உள்ளடக்கிய அவ்வாய்வு, சமூக-உணர்வுக் கல்வி பெற்றவர்களின் திறன்களும் நடத்தையும் கற்றல் அடைவும் மேம்பட்டதாகக் கண்டது. அதன் முடிவைப் புறக்கணிக்க இயலாது. எனினும் அதிலடங்கிய திட்டங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கானவை. மேல்நிலை வகுப்பினருக்கானவை மிகச் சில. எட்டு வயதுக் குழந்தையிடம் பயன்தந்தது பதினைந்து வயது மாணவனிடமும் பயன்தரும் என்று கொள்வதற்கு அது இடந்தரவில்லை.

வளரிளம் பருவத்தினரிடம் அண்மையில் நடைபெற்ற இரு பெரிய ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துகின்றன. முதலாவது, இங்கிலாந்தின் 'மிரியட்' ஆய்வு. 85 பள்ளிகளைச் சேர்ந்த, பெரும்பாலும் 11 முதல் 13 வயதுக்குட்பட்ட 8,376 மாணவர்கள் இதில் பங்கேற்றனர். எப்பள்ளிக்குப் புதிய பாடம், எப்பள்ளிக்கு வழக்கமான பாடம் என்பது குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மனநிறை கவனத்தைப் பத்துப் பாடங்களாகக் கற்பித்தனர். 2022-இல் வெளியான முடிவுகளின்படி, மனச்சோர்வு வாய்ப்பு, சமூக-உணர்வு நடத்தை, மனநலம் ஆகிய மூன்றிலும் புதிய பாடம் பயின்றோர் வழக்கமான பாடம் பயின்றோரை விட மேம்படவில்லை. மாறாக, பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பணிச்சோர்வு ஓரளவு குறைந்தது. மாணவருக்கென வகுத்த பாடத்தால் பயன்பெற்றோர் ஆசிரியர்கள் என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் நடைபெற்று 2023-இல் வெளியான 'வைஸ் டீன்ஸ்' ஆய்வு. தீவிர உணர்ச்சிக் கொந்தளிப்பு உடையோருக்கென உருவாக்கப்பட்ட உளச்சிகிச்சை முறையொன்றை எட்டு அமர்வுகளாகச் சுருக்கி, 1,071 மாணவர் பங்கேற்ற இவ்வாய்வில் வகுப்பு முழுமைக்கும் கற்பித்தனர். பாடம் முடிந்த நிலையில், பயின்றவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் உணர்ச்சிகளைக் கையாள்வதில் இடர்ப்பாடும் ஒப்பீட்டுக் குழுவினரைவிட மிகுந்திருந்தன. பெற்றோருடனான உறவும் தாழ்ந்திருந்தது. ஆறு மாதங்களுக்குப் பின்னரும் உறவின் அத்தாழ்வு நீடித்தது. கற்பித்த பயிற்சிகளை வீட்டில் செய்துபார்த்தவர்கள் குறைவு.

இவ்வாய்வுகள் உணர்வுக்கல்வி தேவையற்றது என்று நிறுவவில்லை. விரும்பாத ஒருவனிடம், அவன் கேட்காத நேரத்தில், வகுப்பறை முழுவதற்கும் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை வளரிளம் பருவத்தில் உள்ளிறங்குவதில்லை என்பதையே காட்டுகின்றன. அமெரிக்க உளவியலாளர் டேவிட் யேகர் 2017-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இப்பருவத்தின் முதன்மையான தேவை மதிப்பு. பெரியோரும் ஒத்த வயதினரும் தன்னை மதிப்பதாக உணரும் சூழலில் மாணவன் மாறுகிறான். தன்னைக் குறையுடையவனாகக் கருதித் திருத்த முனையும் பாடத்தை மறுதலிக்கிறான். அறநெறிப் பாடவேளை பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே தொடங்குகிறது.

4. பீகார் ஆய்வு: ஒரே செயல்திட்டம், இரு விளைவு

மேலைநாட்டுச் சான்றுகள் நம் பள்ளிகளுக்குப் பொருந்துமா என்னும் ஐயம் நியாயமானது. அதற்கு விடைதரத்தக்கது பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சங்கத் என்னும் அமைப்பு நடத்திய 'சேஹர்' ஆய்வு. இதன் முதலாண்டு முடிவுகள் 2018-இல் 'லான்செட்' இதழில் வெளியாயின.

74 பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இதில் இடம்பெற்றனர். பள்ளிகள் மூன்று பிரிவாகக் குலுக்கல் முறையில் பகுக்கப்பட்டன. மூன்று பிரிவுப் பள்ளிகளிலும் அரசின் வாழ்க்கைத் திறன் பாடங்கள் நடந்தன. அவற்றுள் ஒரு பிரிவில் அப்பாடங்கள் மட்டுமே. மற்ற இரு பிரிவுகளில் கூடுதலாகப் பள்ளிச்சூழலை மாற்றும் செயல்திட்டம் ஒன்று நடைபெற்றது. பள்ளி நலக்குழு அமைத்தல், மாணவர் தம் குறைகளை எழுதிப்போடும் பெட்டி, சுவரிதழ், துன்புறுத்தலுக்கும் அடித்துத் தண்டித்தலுக்கும் எதிரான விழிப்புணர்வு, மாணவர் குழுக்கள், தனிப்பட்ட ஆலோசனை ஆகியன அதன் கூறுகள். ஒரு பிரிவில் இதனை அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவரே மேற்கொண்டார். மற்றொரு பிரிவில் இதற்கெனவே அமர்த்தப்பட்டுப் பயிற்சியளிக்கப்பட்ட, உளவியல் வல்லுநர் அல்லாத முழுநேர ஆலோசகர் ஒருவர் மேற்கொண்டார்.

எட்டு மாதங்களுக்குப் பின் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச்சூழல் பற்றிய மாணவரின் மதிப்பீடு பெரிதும் உயர்ந்தது. கல்வியாய்வுகளில் 0.2 அல்லது 0.3 என்னும் விளைவு அளவே பொருட்படுத்தத்தக்கதாகக் கருதப்படும் நிலையில், இங்கு அது 1.88 ஆக இருந்தது. மனச்சோர்வு, துன்புறுத்தல், வன்முறைக்கு ஆளாதல், வன்முறையில் ஈடுபடுதல் ஆகியன குறைந்தன; பாலினச் சமத்துவம் குறித்த மனப்பான்மை மேம்பட்டது. ஆசிரியரே மேற்கொண்ட பள்ளிகளிலோ வாழ்க்கைத் திறன் பாடம் மட்டும் நடந்த பள்ளிகளிலிருந்து வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவுகளும் இப்போக்கையே உறுதிசெய்தன.

இவ்வாய்விலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒப்பீட்டுப் பள்ளிகளிலும் வாழ்க்கைத் திறன் பாடம் நடந்தது. ஆகவே ஆய்வு காட்டும் பெருவேறுபாடு பாடத்தால் விளைந்ததன்று. பாடத்துக்கு அப்பாற்பட்ட பணிகளால் விளைந்தது. இரண்டாவது, பணிகள் ஒன்றாயினும் அவற்றைச் செய்பவர் மாறியபோது விளைவு மாறியது. பாடம் நடத்தி, மதிப்பெண் இட்டு, தண்டித்து, பதிவேடும் எழுதும் ஆசிரியருக்கு இப்பணி இன்னுமொரு சுமை. மதிப்பெண்ணும் தண்டனையும் எவர் கையில் உள்ளனவோ அவரிடம் மாணவன் மனந்திறப்பதும் அரிது. இவற்றைக் காரணங்களாகக் கொள்ளலாம். ஆசிரியரைக் குறைகூறுவதற்குரிய முடிவாக இதனைக் கொள்ளுதல் தவறு. ஆசிரியர் வகிக்கும் பதவியின் இயல்பு பற்றிய முடிவு இது.

இவ்வாய்வின் வரம்பையும் சுட்டுதல் வேண்டும். விளைவுகள் யாவும் மாணவர் தாமே அளித்த விடைகளைக் கொண்டு அளக்கப்பட்டவை. நாள்தோறும் தம்மோடு அன்புடன் பழகும் ஆலோசகர் இருக்கும் பள்ளியில் மாணவர் சற்றே சாதகமாக விடையளித்திருக்கலாம். 1.88 என்னும் பேரளவை அப்படியே ஏற்பதற்குமுன் வருகைப்பதிவு, இடைநிற்றல் போன்ற பிற அளவைகளால் அது சோதிக்கப்பட வேண்டும். ஆயினும் இரு பிரிவுகளுக்கிடையே தோன்றிய வேறுபாட்டை முழுவதும் இக்காரணத்தால் விளக்கிவிட இயலாது.

5. பார்த்து நிற்போரும் பிரித்து நிறுத்தப்பட்டோரும்

வன்முறையைத் தடுக்க யாரை நோக்கிப் பேசுவது என்பது அடுத்த வினா. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-இல் வெளியிட்ட ஆய்வு, வகுப்பறைத் துன்புறுத்தலில் துன்புறுத்துவோர், துன்புறுவோர் என இருவர் மட்டும் இல்லை என்று காட்டியது. உடன்சேர்ந்து உதவுவோர், சிரித்து ஊக்குவிப்போர், ஒதுங்கி நிற்போர், துன்புறுவோரைக் காப்போர் எனப் பலர் அதில் பங்கேற்கின்றனர். இதனடிப்படையில் டுர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் பார்த்து நிற்போரை முதன்மையாக நோக்குகிறது. பார்வையாளரின் சிரிப்பு நின்றால் துன்புறுத்துவோனுக்குக் கிடைக்கும் பெருமை குன்றும் என்பது அதன் தருக்கம். 78 பள்ளிகளில் நான்கு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள மாணவரிடம் நடைபெற்ற சோதனையில் துன்புறுத்தல் குறைந்தது 2011-இல் அறிவிக்கப்பட்டது. ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புகளில் அத்திட்டத்தின் பயன் சிறிதாகவும் சீரற்றதாகவும் இருந்தது. வயது கூடக்கூடப் பணி கடினமாகிறது என்பதை இதுவும் உணர்த்துகிறது.

இதற்கு எதிர்த்திசையில் செல்வது, சிக்கலுடைய மாணவர்களை மட்டும் பிரித்தெடுத்து ஒன்றாக அமர்த்திப் பயிற்சி தருவது. தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், பிரான்சுவா பூலன் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட கட்டுரை இதன் தீங்கை எடுத்துரைத்தது. ஒரேவகைச் சிக்கலுடைய இளையோரைக் குழுவாக்கிப் பயிற்சியளித்தபோது புகைப்பழக்கமும் ஒழுங்கு மீறலும் கூடின. ஒருவரின் அத்துமீறலைக் கேட்டு மற்றவர் சிரிப்பதும் பாராட்டுவதும் பயிற்சியாளரின் சொல்லைவிட வலிய பாடமாக அமைந்தன. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் பகுதியில் 1939-இல் தொடங்கிய இளையோர் திட்டத்திலும், கோடை முகாம்களுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டவர்களின் பிற்கால வாழ்வே மிக மோசமாக அமைந்தது என்பதை மெக்கார்ட் முன்னரே கண்டறிந்திருந்தார். நன்னோக்கமுடைய திட்டம் தீங்கு செய்யாது என்னும் எண்ணத்துக்கு இவை தக்க மறுப்பு. சாதி மோதலில் ஈடுபட்ட மாணவரை ஒன்றுதிரட்டி அறிவுரை கூறும் வழக்கமும் இவ்வெளிச்சத்தில் மறுபரிசீலனைக்குரியது.

6. மெய்ப்பாட்டியல் தரும் பார்வை

உணர்வைத் தனிமனிதனின் உள்ளக்குறையாகக் காணும் பார்வைக்கு மாற்றான ஒரு சிந்தனை தமிழ் மரபிலேயே உண்டு. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுவதோடு நில்லாது, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்களையும் நந்நான்காக வகுத்துரைக்கிறார். வெகுளிக்கு அவர் கூறும் களன்கள் உறுப்புக்கு ஊறு செய்தல், குடியைச் சிதைத்தல், துன்புறுத்தி அலைத்தல், கொலை என்பன. நான்கும் பிறர் செய்யும் தீங்குகள். வெகுளியின் தோற்றுவாயை வெகுள்பவனுக்கும் பிறர்க்கும் இடையிலுள்ள உறவில் அவர் காண்கிறார். பெருமிதத்துக்கு அவர் கூறும் களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பன.

மெய்ப்பாட்டியல் செய்யுளின் சுவைப்பாட்டை நோக்கியது, உளவியல் நூலன்று. அதனை இக்கால ஆய்வுகளுக்கு முன்னோடி என்று உரிமை கொண்டாடுவது பொருத்தமன்று. ஆயினும் உணர்வை ஆராய்வோர் கேட்கவேண்டிய வினாவை அது சரியாக அமைத்துத் தருகிறது. 'இம்மாணவனுக்குச் சினத்தை அடக்கத் தெரியுமா' என்பதோடு, 'இப்பள்ளியில் சினத்துக்குரிய களன்கள் எவை, அவற்றை அமைத்தவர் யாவர்' என்றும் கேட்க வேண்டும். அவ்வாறே, கல்வியாலும் புகழாலும் பெருமிதம் கொள்ளும் வாய்ப்பைப் பள்ளி எத்தனை பேருக்கு அளிக்கிறது என்பதும் கேட்கத்தக்கது. தேர்வில் முதல்வரும் சிலருக்கு மட்டுமே மதிப்பு வழங்கும் பள்ளியில், மற்றவருக்குப் பெருமிதத்தின் களனாகச் சாதியின் பெயரும் கையிற்கட்டிய கயிறும் வந்தமைகின்றன. வெகுளாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவன் அன்று மாலையே மோதலில் ஈடுபடுவதில் முரண் ஏதுமில்லை. ஒன்று தேர்வுக்களம், மற்றொன்று வாழ்க்கைக்களம்.

7. சந்துரு குழுப் பரிந்துரைகள்: ஒரு மதிப்பீடு

மேற்கண்ட சான்றுகளை உரைகல்லாகக் கொண்டால் குழுவின் பரிந்துரைகள் இருவகைப்படுகின்றன. அறநெறிப் பாடவேளை மாணவனின் உள்ளத்தை நோக்கியது. ஓரிடத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக அமர்த்தாமை, ஆசிரியர்களைக் காலமுறையில் இடமாற்றுதல், அகரவரிசையில் இருக்கை அமைத்தல், மாணவரின் சாதி விவரங்கள் வெளிப்படாமற் காத்தல், ஐந்நூறு மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை அமர்த்துதல் ஆகியன பள்ளியின் அமைப்பை நோக்கியவை.

இவற்றுள் பள்ளி நல அலுவலர் பற்றிய பரிந்துரைக்கே இதுவரை கண்ட சான்றுகளின் வலுவான ஆதரவு உண்டு. மதிப்பெண்ணும் தண்டனையும் கையில் இல்லாத, மாணவர் நலனை மட்டுமே பணியாகக் கொண்ட ஒருவர் பள்ளியில் இருத்தல் வேண்டும் என்பதே பீகார் ஆய்வின் படிப்பினை. இப்பொறுப்பை ஆசிரியர் ஒருவருக்கே கூடுதல் பணியாக அளித்துவிடும் நிலை ஏற்படின், பயன்காணாத பிரிவையே நாம் தேர்ந்தெடுத்தவராவோம். தமிழகப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டியும் 14417 என்னும் உதவி எண்ணும் முன்னரே உள்ளன. பீகாரிலும் இத்தகைய பெட்டி இருந்தது. பெட்டியில் விழும் தாளைப் படிப்பவர் யார், எழுதியவரின் பெயரைக் காப்பவர் யார், அடுத்த நாள் அவருக்குத் துணைநிற்பவர் யார் என்பனவே வேறுபாட்டை உண்டாக்குகின்றன. நாங்குநேரி மாணவர் மௌனமாக இருக்கவில்லை, முறையிட்டார். முறையிட்டவருக்கும் தாக்கியவர்களுக்கும் இடையே நின்றிருக்க வேண்டிய பாதுகாப்பு அமையவில்லை. இக்குறையை எந்த அறநெறிப் பாடமும் நிறைவு செய்யாது.

சாதி என்பது குழுக்களுக்கிடையிலான பகை ஆதலின், அதற்குரிய சான்றுகளையும் நோக்குதல் தகும். கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதிய முன்முடிவு பற்றிய நூலில், இரு குழுவினர் சேர்ந்து பழகுவதால் மட்டும் பகை குறைந்துவிடாது என்றார். சம நிலை, பொது இலக்கு, கூட்டுச் செயல், அதிகார அமைப்பின் ஆதரவு ஆகிய நான்கும் அதற்குத் தேவை. கறுப்பின, வெள்ளையின மாணவர் புதிதாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்ட ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் 1971-இல் எலியட் ஆரன்சன் உருவாக்கிய முறை இதனைச் செயலாக்கியது. பாடம் பல கூறுகளாக்கப்பட்டுக் குழுவின் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு கூறு ஒப்படைக்கப்பட்டது. மற்றவரிடம் கேட்டறியாமல் எவரும் பாடத்தை முழுமையாக அறிய இயலாது. அம்முறையில் இனவேற்றுமை பற்றிய பாடம் ஏதுமில்லை. கற்கும் பாடத்தின் அமைப்பே மாற்றப்பட்டது.

அகரவரிசை இருக்கை அருகில் அமர்த்தும். கூட்டுச் செயலை உண்டாக்காது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2024-இல் தொடங்கப்பட்ட 'மகிழ் முற்றம்' மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாக்குகிறது. பிறப்பால் அமையாத ஓர் அடையாளத்தையும் பொது இலக்கையும் தரவல்ல இம்முயற்சி ஆல்போர்ட்டின் நிபந்தனைகளுக்கு நெருங்கி வருகிறது. குழுத்தலைமை எவரிடம் செல்கிறது, தெருவின் சாதிப்படிநிலை குழுவுக்குள்ளும் நுழைகிறதா என்பனவற்றைக் கொண்டே அதன் வெற்றியை அளக்க வேண்டும். நிலை சமமாக இல்லாத இடத்தில் கூடிப்பழகுதல் பழைய படிநிலையை மீண்டும் ஒத்திகை பார்ப்பதாக முடியும்.

அறநெறிப் பாடவேளையைக் கைவிட வேண்டும் என்பது இம்மதிப்பீட்டின் கருத்தன்று. அவ்வேளை எதற்குப் பயன்படுகிறது என்பதே வினா. நீதிக்கதைகளை உரைக்கவும் வினாவிடை எழுதவும் பயன்பட்டால் அது மற்றொரு பாடமாகும். தம் பள்ளியின் விதிகளை மாணவர் விவாதிக்கவும், பார்த்து நிற்போரின் பொறுப்பைப் பேசவும், தாம் முறையிட்டவை என்னவாயின என்று கேட்கவும் பயன்பட்டால், அது பள்ளிச்சூழலை மாற்றும் பணியின் ஒரு பகுதியாகும்.

8. முடிவுரை

வளரிளம் பருவத்தினரின் நடத்தையைப் பாடத்தால் மட்டும் திருத்திவிடலாம் என்னும் கருதுகோளைச் சான்றுகள் ஆதரிக்கவில்லை. இங்கிலாந்தில் அது பயன் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் தீங்கும் விளைத்தது. பீகாரில் பாடத்துக்கு அப்பால், மாணவர் நம்பி அணுகத்தக்க ஒருவரின் இருப்பும் பள்ளியின் அன்றாட நடைமுறையும் மாறியபோதே மாற்றம் நிகழ்ந்தது. சாதி வன்முறையைப் பொறுத்தவரை, 'சமூகவிரோத நடத்தை' என்னும் சொல் தனிமனிதக் குறையைச் சுட்டிக் குழுவின் பங்கை மறைக்கிறது. ஆதலின் அச்சொல்லை நம் ஆய்வுகளில் வேறுபடுத்தி ஆளுதல் தேவை.

சந்துரு குழுவின் பரிந்துரைகளுள் அரசுக்குச் செலவும் எதிர்ப்பும் குறைவாக உள்ளது அறநெறிப் பாடவேளை. சான்றுவலிமை மிக்க பரிந்துரைகளோ பணியிடங்களையும் இடமாற்றக் கொள்கையையும் தொடுவன, ஆதலால் கடினமானவை. எளியதை நிறைவேற்றிவிட்டுக் கடினமானவற்றைக் கிடப்பில் இடும் இடர் இங்குண்டு. பள்ளி நல அலுவலர் பணியிடங்களைக் கட்டங்கட்டமாக நிரப்பும்போது, முதற்கட்ட ஒன்றியங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால், அடுத்த கட்ட ஒன்றியங்களோடு ஒப்பிட்டு விளைவை அறிய இயலும். மாணவரின் விடைத்தாள்களோடு, முறையீடுகளின் எண்ணிக்கை, அவை தீர்க்கப்பட்ட காலம், முறையிட்ட மாணவர் அதே பள்ளியில் தொடர்கின்றனரா, மாற்றுச்சான்றிதழ் பெற்றுச் செல்கின்றனரா என்பனவும் அளவைகளாதல் வேண்டும். முறையிட்ட மாணவர் மறுநாளும் அச்சமின்றி வகுப்புக்கு வருகிறாரா என்பதே இத்தகைய எத்திட்டத்துக்கும் முதல் அளவுகோலாதல் தகும்.